அமேசான் மூலிகை வைத்தியர் எப்படி உருவாகிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமேசான் வைத்தியர் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் காட்சிகள் தோன்றவைக்கும் அயவாஸ்கா என்ற கஷாயத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்த வைத்தியர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார், எத்தனை மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டார் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அமேசான் காட்டில் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் வைத்தியமும் வேறு. அதனால் பெரு நாட்டின் ஷிபிபோ-கொனிபோ மக்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஷிபிபோ மக்கள் எங்கே வாழ்கிறார்கள்?

பெருவின் கிழக்கே, உக்காயாலி ஆற்றங்கரையில். இந்த ஆறு வடக்கே ஓடி மரான்யோன் ஆற்றோடு சேர்ந்த பிறகுதான் அமேசான் என்ற பெயரைப் பெறுகிறது. பக்கத்துப் பெரிய நகரம் புகால்பா. அதை ஒட்டி யாரினகோச்சா ஏரி, ஏரிக்கரையில் சான் பிரான்சிஸ்கோ என்ற ஷிபிபோ கிராமம். 2017 கணக்கெடுப்பில் 25,000 பேருக்கு மேல் தங்களை ஷிபிபோ-கொனிபோ என்று பதிவு செய்திருக்கிறார்கள். மீன், வாழை, மரவள்ளி இவைதான் அன்றாடச் சாப்பாடு. வெளியுலகமே தெரியாத கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 1940களிலேயே தலைநகர் லிமாவிலிருந்து புகால்பாவுக்குச் சாலை வந்துவிட்டது. இன்றைய வைத்தியர் கையில் செல்போனும் இருக்கிறது.

வைத்தியரை அவர்கள் எப்படி அழைக்கிறார்கள்?

ஒனான்யா என்று. அறிந்தவர் என்று பொருள். "ஷாமன்" என்பது சைபீரியப் பக்கத்துச் சொல். வெளிநாட்டார் கொண்டுவந்து ஒட்டவைத்தது. இப்போது சுற்றுலாவுக்காக அவர்களே பயன்படுத்துவதும் உண்டு.

எல்லா வைத்தியரும் ஒரே ரகம் இல்லை. செடி, வேர், பட்டை மட்டும் கொடுத்துக் குணப்படுத்துபவர்கள் உண்டு. அவர்கள் பாடுவதுமில்லை, இரவில் அயவாஸ்கா குடிப்பதுமில்லை. அதற்கு மேல்படி ஒனான்யா. எல்லாருக்கும் மேலே மெராயா. கொசுவலைக்குள் போய் உட்கார்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், உள்ளேயிருந்து வேறு குரல்கள் கேட்கும், ஜாகுவார் என்ற அந்தக் காட்டுப் புலியாக உருவெடுப்பார் என்றெல்லாம் மெராயாக்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்கள் இன்று இல்லை என்பதுதான் பல கிராமங்களில் கேட்கும் பேச்சு. அவ்வளவு நீண்ட பத்தியம் இருக்க இப்போது யாருக்கும் பொறுமை இல்லை என்று காரணமும் சொல்கிறார்கள்.

யார் வேண்டுமானாலும் வைத்தியர் ஆகலாமா? பெண்கள்?

சாதி, குலம் என்று தடை எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலும் வைத்தியம் இருக்கும் வீட்டில்தான் அடுத்த வைத்தியர் வருகிறார். தாத்தாவோ மாமாவோ சின்ன வயதிலேயே பிள்ளையைக் கவனித்து, லேசான செடிகளில் தொடங்கிவைப்பார். கடும் நோயில் விழுந்து, அதைத் தீர்க்கப் பத்தியம் இருந்து, அப்படியே வைத்தியரானவர்களும் நிறைய.

பெண்கள் உண்டு. ஆனால் மாதவிடாய்க் காலத்தில் மருந்துச் செடிகளின் பக்கமே போகக்கூடாது என்ற கட்டுப்பாடும், பிள்ளை பெற்று வளர்க்கும் வருஷங்களும் குறுக்கே நிற்பதால், பல பெண்கள் வயதான பிறகே முழு வைத்தியராகிறார்கள். மற்றபடி பெண்களின் வித்தை வேறு திசையில் போகிறது. துணியிலும் பானையிலும் கெனே என்ற கோட்டுக்கோலங்களை வரைவது அவர்கள் வேலை. நம்மூர்க் கோரைப்புல் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கிழங்கைப் பிழிந்து, சிறுமியின் கண்ணில் சொட்டுவிடுவார்கள். அப்போதுதான் கோலங்கள் கண்ணுக்குத் தெரியும், கை தானாக வரையும் என்பது நம்பிக்கை. ஆக, வரைவதற்கும் செடிதான் வாத்தியார்.

பயிற்சி என்றால் என்ன நடக்கும்? குரு பாடம் நடத்துவாரா?

பெரிதாக நடத்தமாட்டார். எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை நாள் என்று குரு முடிவு செய்வார். தொடக்கத்திலும் முடிவிலும் பாடி, வழி திறந்து அடைத்துக் கொடுப்பார். நடுவில் நடப்பது மாணவருக்கும் செடிக்கும் இடையிலான விவகாரம்.

இதற்கு சாமா என்று பெயர். ஸ்பானியத்தில் தியெத்தா. தமிழில் சொல்ல நமக்குச் சிரமமே இல்லை: பத்தியம். ஆனால் நம் பத்தியம் மருந்து வேலை செய்வதற்காக வாயைக் கட்டுவது. அவர்களுடையது ஒரு செடியோடு உறவு ஏற்படுத்திக்கொள்வதற்காக வாயையும் உடம்பையும் பேச்சையும் கட்டுவது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, கண்ணுக்குத் தெரியாத ஆள். அவர் மனித வாடையை வெறுப்பவர். உப்பு, மிளகாய், வியர்வை, காமம் இவற்றின் வாடை ஒருவரை விட்டுப் போகப் போகத்தான் அவர் கிட்டே வருவார் என்கிறார்கள்.

நடைமுறை இப்படி. ஊரை விட்டுத் தள்ளி, காட்டோரம் ஒரு சின்னக் குடிசை. முதல் சில நாள் அந்த மரத்தின் பட்டையையோ வேரையோ ஊறவைத்து அல்லது காய்ச்சிக் குடிப்பார். சில செடிகளில் குளிப்பதும் ஆவி பிடிப்பதும் உண்டு. குடிப்பது சில நாளில் முடிந்துவிடும், பத்தியம் மாதக்கணக்கில் தொடரும். யாரையும் தொடக்கூடாது. மனைவியாக இருந்தாலும் தள்ளித்தான். அதிகம் பேசக்கூடாது. சும்மா படுத்திருக்க வேண்டும். உடம்பு மெலியும், தலை சுற்றும், கனவு தெளிவாக வரத் தொடங்கும். அந்தக் கனவில்தான் செடியின் ஆள் வந்து பாட்டு சொல்லிக்கொடுப்பார். காலையில் எழுந்து அதை முணுமுணுத்துப் பார்த்துப் பதியவைத்துக்கொள்வதுதான் வீட்டுப்பாடம்.

பழைய தலைமுறையில் ஒரு மரத்துக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று இருந்தவர்கள் உண்டு. ஒரு செடி முடிந்ததும் அடுத்தது. இப்படி அடுக்கிக்கொண்டே போய், பத்து இருபது வருஷத்தில் ஒருவர் ஊர் மதிக்கும் வைத்தியராகிறார். வெளிநாட்டவருக்கு இப்போது இரண்டு வாரப் பத்தியம் நடத்தி அனுப்புகிறார்கள். அது ருசி பார்ப்பது. அதை வைத்து ஒருவர் தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொண்டால் தள்ளி நிற்பது நல்லது.

பத்தியத்தில் என்னதான் சாப்பிடலாம்?

பழுக்காத வாழைக்காயைச் சுட்டோ அவித்தோ சாப்பிடலாம். குறிப்பிட்ட சில மீன்களை உப்பில்லாமல் அவித்துச் சாப்பிடலாம். அவ்வளவுதான். உப்பு, சர்க்கரை, எண்ணெய், மிளகாய், பன்றி இறைச்சி, சாராயம் எதுவும் கிடையாது. வேகமாகக் கொத்தித் தின்னும் பல்லுள்ள மீனை விலக்கிவிட்டு, சாதுவான மீனைத்தான் கொடுப்பார்கள். உண்ணும் உயிரின் குணம் உண்பவருக்கு ஒட்டும் என்று கணக்கு.

எந்தெந்தச் செடிகளிடம் கற்கிறார்கள்?

பட்டியல் நீளமானது, வைத்தியருக்கு வைத்தியர் மாறும். ஆற்றோரம் இளஞ்சிவப்பாகப் பூக்கும் பொபின்சானா, மனசை இளக்கும் செடி என்று பலருக்கும் முதலில் கொடுக்கப்படுவது. பூண்டு வாசம் வீசும் அஹோ சாச்சா கொடி, குளிர் நடுக்கம் தரும் சிரிக் சனாங்கோ, கருப்பாகச் சுருட்டிய மப்பாச்சோ புகையிலை. புகையிலை அங்கே பெரிய ஆசான். நாம் கடையில் பார்க்கும் ரகம் இல்லை, நிகோடின் பல மடங்கு அதிகமுள்ள இன்னொரு இனம். இலைகள் இரவில் ஒளிரும் என்று சொல்லப்படும் நோயா ராவ் என்ற மரத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் வைத்தியர்களின் குரலே தணிந்துவிடும்.

நமக்குத் தெரிந்த முகங்களும் இந்த வரிசையில் உண்டு. சிவன் கோயில் வாசலில் நிற்கிறதே, நாகலிங்க மரம், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். பெருவின் காட்டில் அதற்கு அயாஉமா என்று பெயர். பயமுறுத்தும், ஆனால் காவல் காக்கும் ஆசான் மரம் அது. அங்கே லுப்புனா என்று அஞ்சி மதிக்கப்படும் ராட்சத மரம் நம் இலவமரமேதான். காட்டாமணக்கும் அவர்கள் மருந்துப் பையில் இருக்கிறது. நம் ஊமத்தைக்கு உறவான டோயே என்ற பூச்செடியும் உண்டு. சக்தி அதிகம், ஆபத்தும் அதிகம். ஊமத்தை விஷம் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

பத்தியம் முறிந்தால் என்ன ஆகும்?

செடி திருப்பி அடிக்கும் என்கிறார்கள். உடம்பில் படை, வீக்கம், தீராத மயக்கம், மனக்குழப்பம். இதைவிட மோசமானது, கற்றது கெட்டுப்போவது. பாதியில் முறித்தவர் குணப்படுத்தும் சக்திக்குப் பதில் கெடுதல் செய்யும் சக்தியோடு வெளியே வருவார் என்ற பயம் உண்டு. பொறுமையில்லாதவன்தான் சூனியக்காரன் ஆகிறான், ஏனென்றால் கெடுக்கும் செடிகள் சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடும், குணப்படுத்தும் செடிகள் நேரம் எடுக்கும் என்பது அந்தப் பகுதி முழுக்கப் புழங்கும் விளக்கம்.

சரி, அயவாஸ்கா இதில் எங்கே வருகிறது? நோயாளியும் குடிக்க வேண்டுமா?

இங்கேதான் வெளியுலகம் கதையைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறது. பழைய வழக்கத்தில் குடித்தது வைத்தியர்தான். நோயாளி பாயில் படுத்திருப்பார், வைத்தியர் குடித்து, அவர் உடம்பை "பார்த்து", என்ன கோளாறு, யார் அனுப்பியது, எந்தச் செடி தேவை என்று கண்டுபிடித்துப் பாடுவார். கஷாயம் நோய் அறியும் கருவி. மருந்து வேறு. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு குவளை குடிப்பது சுற்றுலாப் பயணிகள் வந்த பிறகு பெருகிய வழக்கம்.

இன்னொரு விஷயம். "ஐயாயிரம் வருஷப் பாரம்பரியம்" என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். பொலிவியாவில் ஒரு குகையில் கிடைத்த, சுமார் 1000 வருஷப் பழைய சடங்குப் பையில், அயவாஸ்காவில் உள்ள ஹார்மைன், டிஎம்டி என்ற வேதிப்பொருள்களின் தடயம் இருந்ததாக 2019இல் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் அவற்றைச் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பீட்டர் கவ், பெர்ன்ட் பிராபெக் டி மோரி போன்ற மானிடவியலாளர்கள் உக்காயாலிப் பக்கம் இந்த வழக்கம் பரவியது சில நூற்றாண்டுகளுக்குள்தான், கிறிஸ்தவ மிஷன்களும் ரப்பர் வணிகமும் பல இன மக்களை ஒன்றாகக் கலக்கியபோதுதான் என்று வாதிடுகிறார்கள். எனக்கு இந்த வாதம் வலுவாகத்தான் தெரிகிறது. பத்தியமும் புகையிலையும் அதைவிடப் பழையவையாக இருக்கலாம்.

அந்தக் கஷாயம் எப்படி வேலை செய்கிறது?

இரண்டு செடிகள். ஒன்று அயவாஸ்கா என்றே பெயருள்ள கொடி, இன்னொன்று சக்ருனா என்ற புதரின் இலை. இலையில் டிஎம்டி என்ற பொருள் இருக்கிறது, காட்சிகளைத் தருவது அதுதான். தனியாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது, குடலிலும் ஈரலிலும் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியிலுள்ள ஹார்மைன், ஹார்மலின் அந்த நொதியைத் தடுத்துவிடுகின்றன. மணிக்கணக்கில் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். குடித்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் தொடங்கி நாலைந்து மணி நேரம் நீடிக்கும். வாந்தி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம், அதைச் சுத்தமாவதாகத்தான் பார்க்கிறார்கள். ஷிபிபோ வைத்தியர்களில் பலர் கொடியைத்தான் பெரிதாக மதிக்கிறார்கள். வெளிநாட்டார் இலையின் காட்சிகளைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டு எதற்கு?

பாட்டுதான் வைத்தியம். இருட்டில், புகையிலைப் புகையை நோயாளியின் தலையிலும் நெஞ்சிலும் ஊதி, மெல்லிய உச்சக் குரலில் பாடுவார்கள். இகாரோ என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்தச் செடியிடம் பத்தியம் இருந்தாரோ அந்தச் செடியின் சக்தி பாட்டில் வரும். பத்தியம் இல்லாதவர் அதே சொற்களைப் பாடினால் வெறும் பாட்டு. கடைசியில் மறுபடி கெடுதல் நுழையாமல் உடம்பைக் காப்புக் கட்டும் பாட்டும் உண்டு. நம்மூரில் மந்திரித்து விபூதி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தெரியாது.

ஷிபிபோ பெண்கள் கெனே கோலங்களைப் பார்த்து ஸ்வரம் படிப்பதுபோல் பாடுகிறார்கள் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஊரில் தங்கி ஆய்வு செய்த இசை ஆய்வாளர்கள் இதைச் சுற்றுலாக் கதை என்றே சந்தேகிக்கிறார்கள். கெனேவை 2008இலும் இகாரோக்களை 2016இலும் பெரு அரசு தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது.

ஒரு வேடிக்கை: சடங்கில் தெளிக்கும் வாசனைத் தண்ணீர் காட்டில் விளைந்தது இல்லை. அகுவா டி ஃப்ளோரிடா என்ற, 19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் தொடங்கிய சென்ட். கடையில் பாட்டிலாக வாங்குகிறார்கள். பாரம்பரியம் என்றால் புதிதாக எதையும் தொடாது என்று யார் சொன்னது?

எந்த நோய்க்கெல்லாம் வைத்தியரிடம் போகிறார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போவதில்லையா?

போகிறார்கள். எலும்பு முறிவு, பிரசவச் சிக்கல், காசநோய் என்றால் ஆஸ்பத்திரிதான். யாரினகோச்சாவில் 1960இலிருந்தே ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. பயந்த குழந்தை, காத்துக் கருப்பு, தீராத வயிற்றுவலி, குடும்பச் சண்டைக்குப் பின் வந்த படுக்கை, யாரோ வைத்த வினை என்ற சந்தேகம் இவையெல்லாம் வைத்தியர் பக்கம். கர்ப்பிணி மனைவி இருக்கும்போது கணவன் காட்டில் கொன்ற மிருகம் பிள்ளையின் உடம்பில் வேலை காட்டும் என்பதும் ஒரு நோய் வகை. அதற்கு ஊசி கிடையாது.

கொரோனா 2020இல் புகால்பாவை மோசமாகத் தாக்கியது. ஆஸ்பத்திரியில் படுக்கையில்லை, ஆக்சிஜன் இல்லை. அப்போது ஷிபிபோ இளைஞர்கள் சிலர் "கமாண்டோ மாத்திகோ" என்ற பெயரில் சேர்ந்து, மிளகு குடும்பத்தைச் சேர்ந்த மாத்திகோ இலையில் ஆவி பிடிக்கவும் கஷாயம் குடிக்கவும் வைத்து நோயாளிகளைக் கவனித்தார்கள். அது வைரஸைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். கைவிடப்பட்ட நேரத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தது நிஜம்.

வைத்தியருக்கு ஊரில் மரியாதை அதிகமா?

மரியாதையும் சந்தேகமும் சேர்ந்தே இருக்கும். குணப்படுத்தத் தெரிந்தவருக்குக் கெடுக்கவும் தெரியும் என்று ஊர் நினைக்கும். ஒரு குழந்தை இறந்தால் பேச்சு வைத்தியர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டி வைத்தியர்களைக் கொன்ற சம்பவங்கள் பெருவின் அமேசான் பகுதியில் நடந்திருக்கின்றன. சக வைத்தியரின் பொறாமை இன்னொரு தொல்லை. கண்ணுக்குத் தெரியாத அம்பு எய்துவிட்டார் என்று புகார் வரும், அதை உறிஞ்சி எடுக்க இன்னொருவரிடம் போக வேண்டும்.

சுற்றுலாவால் நன்மையா கெடுதலா?

காசு வந்திருக்கிறது. முன்பு மீனோ துணியோ கொடுத்துப் போன இடத்தில் இன்று டாலர் வருகிறது, பிள்ளைகளின் படிப்பு அதில் நடக்கிறது. அழியப்போகிறது என்று நினைத்த தொழிலுக்கு இளைஞர்கள் திரும்பி வந்ததற்கும் அதுவே காரணம். ஆனால் பெரிய தங்கும் மையங்கள் பலவற்றின் உரிமையாளர்கள் வெளியாட்கள், வைத்தியருக்குக் கிடைப்பது சம்பளம்தான். பத்தியம் இல்லாத போலி வைத்தியர்களும், இருட்டில் பெண்களிடம் அத்துமீறுபவர்களும் முளைத்திருக்கிறார்கள்.

ஒலிவியா அரேவலோ என்ற 81 வயது ஷிபிபோ பாட்டியை, இகாரோ பாடுவதில் பேர்பெற்றவரை, 2018 ஏப்ரலில் யாரினகோச்சா அருகே அவர் வீட்டுப் பக்கத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்ட கனடாக்காரரை ஊர்க் கூட்டம் அடித்துக் கொன்றது. அதே வருஷம் வைத்தியர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள்.

சுற்றுலாவைவிடப் பெரிய ஆபத்து எண்ணெய்ப்பனை என்பது என் எண்ணம். சாண்டா கிளாரா டி உச்சுன்யா என்ற ஷிபிபோ கிராமத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காடு பனைத் தோட்டமாகிவிட்டது. மரமே இல்லாத இடத்தில் யாரிடம் போய்ப் பத்தியம் இருப்பது?

இந்த அறிவை யாராவது காப்புரிமை எடுத்திருக்கிறார்களா?

எடுத்தார்கள். 1986இல் ஓர் அமெரிக்கர் அயவாஸ்கா கொடியின் ஒரு வகைக்கு அமெரிக்காவில் செடிக் காப்புரிமை வாங்கினார். அமேசான் பழங்குடி அமைப்புகள் எதிர்த்து 1999இல் அதை ரத்து செய்யவைத்தன. 2001இல் மறுபடி உயிர் கொடுத்துவிட்டார்கள், 2003இல் காலம் முடிந்து காலாவதியானது. மஞ்சள் காப்புரிமையை 1997இல் இந்தியா முறியடித்தது நினைவிருக்கும், நமக்கு முழு வெற்றி, அவர்களுக்கு இல்லை. பழங்குடிகளின் கூட்டறிவைக் காக்க 2002இல் பெரு தனிச் சட்டம் போட்டது.

அறிவியல் ஏதாவது சொல்கிறதா?

மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வுள்ள 29 பேரிடம் பிரேசிலில் நடத்திய சோதனை 2019இல் அச்சானது. ஒரு தடவை கொடுத்த அயவாஸ்கா ஒரு வாரத்துக்குள், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்துச் சத்தில்லாத போலி மருந்தைவிட நல்ல பலன் காட்டியது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் 29 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பத்தியத்தையும் பாட்டையும் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்பது தனிக் கேள்வி.

நான் போய்க் குடிக்கலாமா? இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா?

பெருவில் சட்டப்படி தடையில்லை. அரசே 2008இல் அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஆனால் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் போவதும் ஆபத்து, டாக்டரைக் கேளுங்கள். இதயக் கோளாறு, மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு தனக்கோ குடும்பத்திலோ இருந்தால் வேண்டாம். கஷாயத்தில் டோயே சேர்க்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். டிஎம்டி இங்கே போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. ஊருக்கு ஏதாவது எடுத்து வர ஆசையிருந்தால், யாரினகோச்சாவில் பெண்கள் விற்கும் கெனே துணியை அவர்களிடமே வாங்குங்கள். ரொம்பப் பேரம் பேசாதீர்கள், ஒரு பாவாடைத் துணிக்கு வாரக்கணக்கில் கைத்தையல் போட்டிருப்பார்கள்.